பந்தும் சட்டமும்

விளையாட்டைப் பற்றி இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். கூத்தையும் நாட்டார் பாடலையும் மக்களின் ஆக்கங்களாகக் கொண்டு ஆராய முற்பட்ட நாம், மாலைதோறும் ஊர் திரண்டு நின்று பார்க்கும் ஓர் ஆட்டத்தை மட்டும் 'வெறும் பொழுதுபோக்கு' என ஒதுக்குவது எந்த நியாயத்தின்பாற்படும்? கூத்துக்கு அண்ணாவியார் உண்டு, ஏடு உண்டு. உதைபந்தாட்டத்துக்கு நடுவர் உண்டு, சட்டப் புத்தகம் உண்டு. அச்சட்டப் புத்தகத்தையும் ஒரு நூலாகவே கொண்டு, அதனை யார், எப்பொழுது, எவர் நலன் கருதி எழுதினர் என்று கேட்பது விமர்சகனுக்குரிய வேலையே.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டார் கால்பந்து என்பர். நாம் உதைபந்தாட்டம் என்போம். ஒன்று உறுப்பைச் சொல்கிறது, மற்றது தொழிலைச் சொல்கிறது. நம் சொல்லே மேலானது என்று ஊர்ப்பற்றினால் ஒரு கணம் மகிழலாம். ஆனால் ஆங்கிலச் சொல்லின் கதை இவ்விரண்டினும் சிக்கலானது. அந்த ஒரே பெயரை அமெரிக்கர் ஓர் ஆட்டத்துக்கும், அவுஸ்திரேலியர் வேறோர் ஆட்டத்துக்கும், அயர்லாந்தினர் இன்னுமோர் ஆட்டத்துக்கும் இட்டு வழங்குகின்றனர். இங்கிலாந்திலோ சங்க உதைபந்து ஒருபுறமும், இரண்டாகப் பிளவுண்ட றக்பி மறுபுறமுமாக நிற்கின்றன. இவற்றுட் பலவற்றிற் பந்தைக் கையால் ஏந்துவதே பெரும்பகுதி, உதைப்பது சிறுபகுதி. பெயர் ஒன்றாயிருக்கப் பொருள் பலவாய்ப் பிரிந்தது ஏன்?

இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. இலங்கையிலேயே இவற்றுள் இரண்டு வேரூன்றியுள்ளன. கண்டியிலும் கொழும்பிலும் பெரிய கல்லூரிகளின் கௌரவம் றக்பியோடு பிணைந்திருக்கிறது. புங்குடுதீவின் இறுப்பிட்டியில், குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் வழியில், எந்தச் சிறுவனை நிறுத்திக் கேட்டாலும் றக்பிப் பந்தைக் கையால் தொட்டதில்லை என்பான். அவனுக்குத் தெரிந்த பந்து உருண்டையானது, உதைக்கப்படுவது. ஒரே தீவில், ஒரே அரசின்கீழ், ஒரே அந்நியனிடமிருந்து பெற்ற இரு ஆட்டங்கள் இவ்வாறு நிலம் பிரித்துக்கொண்டமைக்குக் காரணம் என்ன?

இதற்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. மலைநாட்டார் உடல்வலியர், யாழ்ப்பாணத்தார் புத்திமான்கள் என்னும் வகையில் அமைந்தது ஒன்று. அது வெள்ளைக்காரத் துரைமார் விட்டுச்சென்ற இனக்கதையாதலின் அதனோடு வாதிட்டுப் பயனில்லை. மற்றைய விடை நம்மவரது. உருண்டைப் பந்து பாட்டாளியுடையது, முட்டைப் பந்து முதலாளியுடையது என்பது அது. இதனைக் கேட்கும்போது மனம் ஒப்புகிறது. அதனாலேயே இதனைச் சற்று ஐயத்தோடு அணுகவேண்டும்.

பழைமையை நாடுவோர் சீனத்தின் கூஜூ ஆட்டத்தையும் கிரேக்கரின் பந்தாட்டத்தையும் காட்டுவர். 2004இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமே சீனத்தை இவ்வாட்டத்தின் தொல்லிடமாக ஏற்றுக்கொண்டது. நம்மவருள்ளும் சிலர் சிலப்பதிகாரத்தின் கந்துகவரியை எடுத்துக்கொண்டு புறப்படலாம். கந்துகவரியிலும், பெருங்கதையிற் பந்தடி கண்ட காதையிலும், பின்னர் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் இடத்திலும் நாம் காண்பது ஒன்றே: பந்து பெண்ணின் கையில் இருக்கிறது. அது அடிக்கப்படுகிறது, எண்ணப்படுகிறது, பாடப்படுகிறது; எதிரணியும் இல்லை, எல்லைக் கோடும் இல்லை. அதனை இன்றைய உதைபந்தின் தாயென்பது, பறவையைக் கண்டவன் விமானத்தைக் கண்டுபிடித்தான் என்பது போலாகும். பந்து எங்கும் இருந்தது. சட்டம் எங்கும் இருக்கவில்லை. நாம் ஆராய்வது சட்டத்தின் பிறப்பை.

அது இங்கிலாந்திற் பிறந்தது. எனினும் கனவான்களின் மனைகளிற் பிறக்கவில்லை. நோன்புக்கு முந்திய செவ்வாய்க்கிழமைகளில் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, கணக்கற்ற ஆடவர் ஒரு பந்துக்காக மோதிய பழைய நாட்டார் ஆட்டமே மூலம். 1314இலேயே இலண்டன் நகரத் தலைவர் அதனைத் தடைசெய்தார். அதன்பின் வந்த அரசர் பலர் தடைமேல் தடை விதித்தனர். ஒரு தடையைப் பலமுறை விதிக்கவேண்டி நேர்ந்ததெனின், மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை என்பதே பொருள். ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தில் உதைபந்தாடுபவன் என்பது ஒரு வசைச்சொல். அரசாணையால் அழியாத அவ்வாட்டத்தை அழித்தவை வேலியும் வீதியுமே. பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியார் உடைமையாயின. எஞ்சிய வீதிகளிலும் 1835ஆம் ஆண்டின் பெருந்தெருச் சட்டம் பந்தாடுவோருக்குத் தண்டம் விதித்தது. நிலமிழந்த உழவன் ஆலைக்குப் போனான். அவனுடைய ஆட்டமோ, புல்வெளிக்குக் குறைவில்லாத இடமொன்றில் அடைக்கலம் புகுந்தது. செல்வர் பிள்ளைகள் பயிலும் உயர்கல்லூரிகளே அவ்விடம்.

அங்கே ஒவ்வொரு கல்லூரியும் தன்தன் நிலத்துக்கேற்பத் தன்தன் சட்டத்தை வகுத்தது. றக்பி என்னும் ஊரிலிருந்த கல்லூரிக்குப் பரந்த புற்றரை இருந்தது. அங்கே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் ஒருவனை மற்றவன் வீழ்த்துவதும் இயன்றன. கல்தளமும் நெருங்கிய சுவர்களும் கொண்ட கல்லூரிகளில் வீழ்ந்தவனுடைய எலும்பு முறியும்; ஆதலாற் பந்தைக் காலடியில் வைத்து நடத்தும் நுட்பம் வளர்ந்தது. திணைக்கேற்ற ஒழுக்கம் என்று நம் மாணவர்க்கு நாம் கற்பிப்பதற்கு இதனினும் எளிய உதாரணம் கிடைப்பதரிது.

1863 அக்டோபர் 26ஆம் நாள் இலண்டனில் ஒரு மதுச்சாலையிற் கூடிய கழகத்தார் உதைபந்தாட்டச் சங்கத்தை அமைத்தனர். எபெனேசர் கொப் மோர்லி என்பவர் சட்ட வரைவை எழுதினார். சில வாரங்களுள் பிணக்குத் தோன்றியது. எதிராளியின் முழங்காலின் கீழ் உதைக்கும் உரிமை வேண்டும் என்று பிளாக்ஹீத் கழகத்தார் நின்றனர். அதை விலக்கினால் ஆட்டத்தின் ஆண்மை போய்விடும் என்றனர். மற்றோர் இணங்கவில்லை, பிளாக்ஹீத் வெளியேறியது. பந்தைக் கையிலெடுக்கும் உரிமையும் வழக்கில் இருந்ததுதான். ஆனால் பேச்சு முறிந்தது காலை உதைக்கும் உரிமையிலே. வேடிக்கை யாதெனில், வெளியேறியவர்கள் 1871இல் றக்பி ஒன்றியத்தை நிறுவியபோது தம் சட்டத்திலும் அவ்வுதையை விலக்கிவிட்டனர். எந்த ஆண்மைக்காகப் பிரிந்தார்களோ அது எட்டாண்டுகள்கூட நிலைக்கவில்லை. பிரிவு மட்டும் நிலைத்துவிட்டது.

றக்பியின் பிறப்பைப் பற்றி அனைவரும் அறிந்த கதை ஒன்றுண்டு. 1823இல், அதாவது நம் வட்டுக்கோட்டையிற் செமினரி தொடங்கப்பட்ட அதே ஆண்டில், வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் மாணவன் சட்டத்தை மீறிப் பந்தைக் கையிலெடுத்து ஓடினானாம். அதனால் றக்பி பிறந்ததாம். இக்கதையை முதன்முதல் ஒருவர் எழுதியது 1876இல். எல்லிஸ் 1872இலேயே இறந்துவிட்டார். கதை சொன்னவரும் கண்ணாற் கண்டவரல்லர். 1895இல் அக்கல்லூரியின் பழைய மாணவர் ஒரு விசாரணை நடத்தினர்; உறுதியான சாட்சி கிடைக்கவில்லை. ஆயினும் 1900இல் கல்லிற் பொறித்துப் பதித்தனர். இன்றும் றக்பி உலகக் கிண்ணம் அவர் பெயரையே தாங்குகிறது.

தலபுராணம் பயின்ற நமக்கு இதன் மருமம் விளங்காமற் போகாது. கோயிலின் உரிமையிற் பிணக்கு எழும் காலத்திலேதான் அதன் பழைமையைச் சொல்லும் புராணம் தோன்றும். ஒரு குடியின் மேன்மை ஐயுறப்படும்போதுதான் அதற்குக் குடிவழி எழுதப்படும். 1895இல் றக்பிக்கு அத்தகைய பிணக்கு எழுந்தது.

வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் அவ்வாட்டத்தைத் தமதாக்கிக்கொண்டிருந்தனர். சனிக்கிழமை அவர்களுக்கு அரைநாள் வேலை. வெளியூருக்கு ஆடப் போனால் அவ்வரைநாட் கூலி போய்விடும். இழந்த கூலியை மட்டுமேனும் கழகம் கொடுக்கட்டும் என்பதே வடக்கத்தியாரின் கோரிக்கை. 1893இல் றக்பி ஒன்றியம் அதனை 282க்கு 136 என்ற வாக்குகளால் நிராகரித்தது. ஆட்டம் ஆட்டத்துக்காகவே ஆடப்படவேண்டும், பணம் அதன் தூய்மையைக் கெடுக்கும் என்பது கனவான்கள் கூறிய காரணம். வருவாய் வேறிடத்திலிருந்து வருவோர் தூய்மையைப் பற்றிப் பேசுவது எளிது. கலை கலைக்காகவே என்னும் வாதமும் ஏறத்தாழ அதே தலைமுறையினரின் வாயிலிருந்துதான் வந்தது என்பதை இலக்கிய மாணவர் குறித்துக்கொள்ளட்டும். 1895 ஆகஸ்ட் 29ஆம் நாள் ஹடர்ஸ்பீல்ட் நகரில் வடக்கத்திக் கழகங்கள் கூடிப் பிரிந்துபோயின. அவர்கள் வளர்த்த பதின்மூவர் றக்பியே இன்று லீக் எனப்படுவது. கூலியை மறுத்த பழைய ஒன்றியம் சரியாக நூறாண்டுகள் கழித்து, 1995இல், தானே சம்பள ஆட்டத்தை ஏற்றுக்கொண்டது.

சங்க உதைபந்தாட்டத்தார் இதே பிணக்கை வேறுவிதமாகத் தீர்த்தனர். 1883இல் சங்கக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில் நெசவாளரும் இரும்புத் தொழிலாளரும் கொண்ட பிளாக்பேர்ன் ஒலிம்பிக் அணி, ஈற்றன் கல்லூரிப் பழைய மாணவர் அணியை 2க்கு 1 என வென்றது. இரண்டே ஆண்டுகளில், 1885இல், சங்கம் கூலிக்கு ஆடுவதைச் சட்டமாக்கியது. பெருந்தன்மையால் அன்று, மறுத்தால் வடக்கு முழுவதும் பிரிந்துபோகும் என்ற அச்சத்தால். அதன் பயனாகவே அவ்வாட்டம் துறைமுகத் தொழிலாளரோடும் மாலுமிகளோடும் இரயிற்பாதைக்காரரோடும் கப்பலேறி உலகெங்கும் சென்றது. 1911இல் கல்கத்தாவில் மோகன் பகான் அணியினர், ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன், கிழக்கு யோர்க்ஷயர்ப் படைப்பிரிவை வென்றபோது, ஆண்டவனின் ஆட்டத்திலேயே ஆண்டவனை வெல்லலாம் என்பது அடிமை நாடொன்றுக்குத் தெரிந்தது.

இதுவரை சொன்னது நம்மவரின் விடைக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஆனால் தென் வேல்சின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளைப் பாருங்கள். அங்கே சுரங்கத் தொழிலாளரின் ஆட்டம் சங்க உதைபந்தன்று, லீக் றக்பியுமன்று, கனவான்களின் ஒன்றியத்து றக்பியே. 1905இல் நியூசிலாந்தை 3க்கு 0 என வென்ற வேல்ஸ் அணியை அத்தேயம் இன்றும் நினைவுகூருகிறது. மறுபுறம், ஆலைத் தொழிலாளி ஆடிய உருண்டைப் பந்தே இன்று பெருமுதலாளிகளும் எண்ணெய் அரசர்களும் விலைக்கு வாங்கும் பண்டமாகிவிட்டது. ஆக, வர்க்கம் பந்தின் வடிவத்தில் இல்லை. ஓய்வு நேரம் யாருடையது, நிலம் யாருடையது, இழந்த கூலியை யார் கொடுப்பது என்ற மூன்று வினாக்களின் விடையிலேயே அது தங்கியிருக்கிறது. பந்தைப் பார்த்து வர்க்கத்தைச் சொல்வது, விருத்தப்பாவைப் பார்த்துப் பிற்போக்கு என்றும் புதுக்கவிதையைப் பார்த்து முற்போக்கு என்றும் தீர்ப்பளிப்பதற்கு ஒப்பானது.

அமெரிக்காவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1880 முதல் வால்டர் காம்ப் என்பவர் செய்த திருத்தங்களால் ஓயாது ஓடிய றக்பி ஆட்டம் துண்டு துண்டாக அறுக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் முன்கூட்டித் திட்டமிடப்படும். ஒவ்வொருவனுக்கும் ஒரே வேலை. திட்டமிடுபவன் கோட்டுக்கு வெளியே நிற்பான். ஆலையை விட்டு ஓய்வு தேடி வந்தவனுக்கு மைதானத்திலும் ஆலையையே கண்டால் எவ்வாறு இருக்குமோ நாமறியோம். அவுஸ்திரேலியரின் ஆட்டம் 1859இல் மெல்பேர்ணில் எழுதப்பட்டது. இலண்டன் சங்கத்தின் சட்டத்துக்கு நான்காண்டு மூத்தது அது. காய்ந்த கடுநிலத்தில் வீழ்த்தி ஆடல் தகாதென்று கண்டு, கிறிக்கற் மைதானத்தின் வட்ட வடிவிலேயே அதனை ஆடினர். அது ஆதிக்குடிகளின் மான்கூக் என்னும் பந்தாட்டத்திலிருந்து வந்ததென்று இன்று சிலர் கூறுவர். நேர்ச்சான்று இல்லை. நிலத்தைப் பறித்துக்கொண்டவர் ஆட்டத்துக்கு மட்டும் மூலவுரிமை வழங்க முன்வருவது எவ்வளவு மலிவான ஈடு!

அயர்லாந்தின் செய்தியோ நாம் நின்று கேட்கவேண்டியது. 1884 நவம்பரில் தேர்ல்ஸ் என்னும் ஊரில் மைக்கல் கியூசாக்கும் அவர் தோழர்களும் கேலிக் தடகளச் சங்கத்தை நிறுவினர். ஆங்கிலேயரின் ஆட்டங்கள் ஆங்கிலேய மனத்தையும் கொண்டுவரும் என்பது அவர்கள் எண்ணம். கையும் காலும் கலந்து ஆடும் கேலிக் உதைபந்துக்குத் தனிச்சட்டம் வகுத்தனர்; அந்நிய ஆட்டங்களை ஆடுவோருக்கும் பார்ப்போருக்கும் சங்கத்தில் இடமில்லை என்றனர். 1920 நவம்பர் 21ஆம் நாள் டப்ளின் குரோக் பார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் பிரித்தானியப் படையினர் சுட்டதில் பதினால்வர் மாண்டனர்; அவருள் ஆடிக்கொண்டிருந்தவரும் ஒருவர். அத்தகைய தியாகத்தை உடைய சங்கமே 1938இல் தன் புரவலரும் நாட்டின் தலைவருமான டக்ளஸ் ஹைடை, சங்க உதைபந்தாட்டம் ஒன்றைப் பார்க்கப் போனார் என்பதற்காக நீக்கியது. ஐரிஷ் மொழிக்குத் தம் வாழ்நாளை ஈந்தவர் ஹைட். அத்தடை 1971 வரை நீடித்தது.

தமிழ்ப்பற்றின் பெயரால் நம் பாடசாலைகளிற் கிளித்தட்டையும் சடுகுடுவையும் மட்டும் வைத்துக்கொண்டு உதைபந்தை எறிந்துவிடலாம் என்று ஒருவர் கூறின் ஹைடை நினைத்துக்கொள்வது நல்லது. கிளித்தட்டு வேண்டும், கோட்டைக் காக்கும் கிளிக்கும் கோட்டைக் கடப்பவனுக்கும் இடையே நிகழும் அந்நுட்பம் எந்தப் பந்தாட்டத்துக்கும் குறைந்ததன்று. ஆனால் கடல் கடந்து வந்ததென்பதால் ஒன்றைத் தள்ளுவதெனின், நம் நெடுந்தீவிலே திரியும் குதிரையையும் தள்ளவேண்டும்.

இலங்கைக்கு வருவோம். 1879இல் கொழும்பில் உதைபந்தாட்டக் கழகம் என்ற பெயரில் வெள்ளையர் அமைத்தது றக்பிக் கழகமே. அதன்பின் றக்பி ஏறிச் சென்றது தேயிலை மலைக்கு. டிக்கோயாவிலும் டிம்புலவிலும் தோட்டத்துரைமார் சமன்செய்த புற்றரைகளில் ஆடினர். அச்சரிவுகளைச் சமன்செய்த கைகள் யாருடையவை என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அக்கைக்குரியோர் குடியிருந்தது லயன் அறைகளில். கல்லூரிகளுள் கண்டி கிங்ஸ்வூட் அதனை முதலில் ஏற்றது. 1891இல் அக்கல்லூரியைத் தொடங்கிய எல். ஈ. பிளேஸ் என்னும் பறங்கிய ஆசிரியர் அதனைக் கற்பித்தார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் முதன்முதல் மோதின. 1908இல் இலங்கை றக்பி ஒன்றியம் தோன்றியது. 1945 முதல் றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் பிராட்பிக் கேடயத்துக்காக ஆடிவருகின்றன. நிலமும் நிருவாகமும் எங்கிருந்தனவோ, அங்கே றக்பி நின்றது.

யாழ்ப்பாணத்தில் தோட்டத்துரை இல்லை, புற்றரையும் இல்லை. பரி. யோவான் கல்லூரியும் மத்திய கல்லூரியும் 1904 முதல் கிறிக்கற்றில் மோதிக்கொண்டன. கிறிக்கற்றுக்கு மட்டை வேண்டும், காலுறை வேண்டும், ஒரு முழுநாள் வேண்டும். உதைபந்துக்கு வேண்டியது ஒரு பந்து. ஆகவே அது கல்லூரி மதிலைத் தாண்டிக் கரையோரம் சென்றது. குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலை என இன்றும் உதைபந்துக்குப் பெயர்பெற்ற ஊர்களை எண்ணிப் பார்ப்பின் பெரும்பாலும் கடலோடு பிழைப்பவை. இது தற்செயலன்று. இரவிற் கடலுக்குப் போய் விடியலிற் கரையேறும் தொழிலாளிக்குப் பின்னேரம் தன்னுடையது. காலையும் மாலையும் தண்ணீர் இறைக்கவேண்டிய புகையிலைத் தோட்டக்காரனுக்கு அது இல்லை. வட இங்கிலாந்திற் சனிக்கிழமை அரைநாள் செய்ததை இங்கே கடலின் நேரம் செய்தது.

தீவுகளில் இன்னுமொன்று உண்டு. நம் வயல்கள் மழையை நம்பி ஆண்டுக்கொருமுறை விளைபவை. தையிலோ மாசியிலோ அரிவு வெட்டி முடிந்தபின் அவ்வெளி மறுமாரிவரை ஆடுவோருக்குரியது. நிலச் சொந்தக்காரன் வேலியடைப்பதில்லை. இங்கிலாந்தின் உழவன் இழந்த பொதுநிலத்தின் நிழலொன்று இங்கே ஆண்டிற் சில திங்களேனும் உயிர்த்தெழுகிறது. ஒட்டுத்தாள் குத்தும் வெறுங்காலோடு ஆடிப் பழகியவன் பந்தை நிலத்தில் நெடுநேரம் வைத்திருக்கமாட்டான். சோளகம் பெயர்ந்தபின் காற்றோடு ஆடும் அணி உயரத் தூக்கியடிக்கும். எதிர்காற்றில் ஆடும் அணி குறுக்கே குறுக்கே கொடுத்து நகரும். இடைவேளையிற் பக்கம் மாறும் சட்டம் எதற்கென்று நம் மாணவர்க்கு விளக்கவேண்டிய அவசியமே நேர்வதில்லை.

இவ்வளவும் சொல்லி, உதைபந்து நம்மிடத்து மக்களாட்டமாயிற்று என்று முடித்துவிட்டாற் பலருக்கும் மகிழ்ச்சியாயிருக்கும். ஆனால் ஆட்டத்தின் சட்டம் வேறு, கழகத்தின் சட்டம் வேறு. யாழ்ப்பாணத்தில் ஊர்க்கழகம் பெரும்பாலும் ஒரு குறிச்சியின் கழகம். ஒரு வாசிகசாலையையோ கோயிலையோ தேவாலயத்தையோ ஒட்டியது. குறிச்சி என்பது நம்மிடத்து எதன் மறுபெயர் என்பதை வாசகர் அறிவர். யாப்பிற் சாதி எழுதப்பட்டிராது. அங்கத்தவர் இடாப்பிற் பெயர்களைப் படித்தாற் போதும். அயர்லாந்தின் சங்கமும் பங்கு தோறும் கழகம் என்ற அடிப்படையிலேதான் நிற்கிறது. அங்கே பங்கு ஊரைச் சேர்த்தது. இங்கே குறிச்சி ஊரைப் பிரிக்கிறது. பதினொருவர் களத்திற் கைகோத்து நிற்கலாம். ஆட்டம் முடிந்தபின் எந்த வீட்டு முற்றத்திலே தேநீர் என்பதில் ஊரின் பழைய சட்டம் தலைகாட்டிவிடுகிறது. 1863இன் சட்டத்தை மனனம் செய்த நாம் இந்தச் சட்டத்தை எழுதியது யார் என்று கேட்கத் துணிந்ததுண்டா?

பெண்கள் பற்றியும் சொல்லவேண்டும். 1920 திசம்பர் 26ஆம் நாள் லிவர்பூலில், ஆயுதத் தொழிற்சாலைப் பெண்களாகிய டிக் கேர் அணியினரின் ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டில் அவர்கள் கதவடைப்பால் வருந்திய சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காகவும் ஆடிப் பணம் சேர்த்தனர். அவ்வாண்டு திசம்பரிலேயே உதைபந்தாட்டச் சங்கம், பெண்ணுடலுக்கு இவ்வாட்டம் தகாதென்று கூறித் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. அக்கதவு திறக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்றன. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் இன்று உதைபந்தாட்டத்திற் பெற்றிருக்கும் பெயரைச் சொல்லி, நம் தீவிலும் பெண்பிள்ளைகளை ஆடவிடலாமே என்றால், தமிழ்ப் பண்பாடு என்கின்றனர் பெற்றோர் சிலர், ஆசிரியர் சிலரும். எந்தத் தமிழ்? பந்தைப் பெண்ணின் கையிலன்றி வேறெவர் கையிலும் கொடுக்க மனம் வராத புலவரின் தமிழா?

1991இல் தீவு மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். வயல்வெளியிற் பற்றை வளர்ந்தது. திரும்பி வந்தோர் சிலர். ரொறன்ரோவிலும் பாரிசிலும் சுவிற்சர்லாந்திலும் நம் ஊர்ப்பெயர் தாங்கிய அணிகள் கோடைதோறும் ஆடுகின்றன. அங்கிருந்து வரும் பணத்தில் இங்கே மைதானம் சமனாகிறது, கிண்ணம் ஒன்றுக்கு மறைந்த உறவினர் ஒருவரின் பெயர் வைக்கப்படுகிறது. ஆடத்தான் ஆளில்லை. ஒரு குறிச்சியிற் பதினொருவரைத் திரட்ட முடியாமையால், முன்னொருகால் ஒருவர் கேணியில் மற்றவர் நீரள்ளாத இரு குறிச்சியாரும் சேர்ந்தே அணி நிறுத்துகின்றனர். அறிவுரையும் போராட்டமும் முழுதாக முடிக்காத காரியத்தை ஆட்தட்டுப்பாடு அரைகுறையாகச் செய்துவருகிறது. அவ்வணிக்குச் சீருடையின் நிறம் எது என்பதில் இணக்கம் கண்டாயிற்று. எந்தக் கழகத்தின் பெயரால் அதனைப் பதிவுசெய்வது என்பதிலேதான் இரு வாசிகசாலைகளின் முதியோரும் இன்னும் கூடிக் கூடிக் கலைகின்றனர். பிள்ளைகளோ அதற்குள் இரண்டு ஆட்டம் ஆடி முடித்துவிட்டனர்.